"அவ லாஸ்ட் சீன் பாக்காம ஒரு மணி நேரம் இருக்க முடியல டாக்டர், இத குறைக்க மாத்திரை இருக்கா?"

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி பெரிய லெட்டர் அனுப்பியிருக்காரு. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலது மாத்திட்டு விஷயத்த மட்டும் சுருக்கி சொல்றேன். வயசு 27, பி.காம் முடிச்சுட்டு ஒரு ரப்பர் ஷீட் கடையில கணக்கு பாக்குறாரு, விடியக்காலம் வீட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டிட்டு தான் கடைக்கு போறது. மார்த்தாண்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்த பொண்ணோட ஒண்ணேகால் வருஷம் பழக்கம், ரெண்டு பேரும் பிடிச்சு தான் பழகியிருக்காங்க. அந்த பொண்ணுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சு போயாச்சு. அங்க போய் மூணாவது மாசம் "வீட்டுல சம்மதிக்க மாட்டாங்க, எனக்கும் இது இனி வேண்டாம், தயவு செஞ்சு மெசேஜ் பண்ணாதீங்க"ன்னு எழுதி முடிச்சுட்டாங்க. அது முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. நடுவுல இவரு பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து, இவங்க அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தப்ப "இப்ப எப்படி இருக்காங்க"ன்னு ஒரு வரி, அந்த பொண்ணு பக்கம் இருந்து வந்தது அவ்வளவு தான்.

இவரு நிலைமை என்னன்னா கண்ணு முழிச்சதுல இருந்து அவ நினைப்பு, ஒரு நாளைக்கு இருநூறு தடவைக்கு மேல போன திறக்குறேன்னு போனே கணக்கு காட்டுதாம், அதுல முக்காவாசி வாட்ஸ்அப்ல அவ லாஸ்ட் சீன் பாக்க. வேற பேர்ல ஒரு இன்ஸ்டா ஐடி ஆரம்பிச்சு ஸ்டோரி பாக்குறாரு. கணக்குல தப்பு வருது, முதலாளி ரெண்டு தடவ திட்டியாச்சு, ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கம் கிடையாது. கூட்டுக்காரனுங்க "சவத்த விடுடே, வேற பொண்ணா இல்ல"ங்கிறானுங்க, அம்மா கையில கயிறு கட்டி விட்டிருக்காங்க, ஒண்ணும் நடக்கல. நெட்ல தேடிப்பாத்து காதல்ங்கிறது மூளையில டோபமைன், செரடோனின்னு ரெண்டு ரசாயனத்துல முதல்ல உள்ளது கூடுறதும் ரெண்டாவது குறையுறதும் தான்னு கண்டுபிடிச்சிட்டாரு. இனி அவரு கேள்வி: ரத்தத்துல இத டெஸ்ட் பண்ண முடியுமா, டோபமைன குறைக்க மாத்திரை உண்டா, பதினெட்டு மாசத்துல இது தானா போயிடும்னு போட்டிருக்கே அப்படின்னா இன்னும் பதினோரு மாசம் பல்ல கடிச்சுக்கிட்டு இருந்தா போதுமா, கிறிஸ்மஸ் லீவுக்கு அவ வர்றப்ப திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல போய் நின்னு ஒரே ஒரு தடவ நேர்ல காரணம் கேட்டுட்டா மனசு அடங்குமா?

தம்பி, உங்க கேள்விக்கெல்லாம் வர்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். மூணாம் பக்கத்துல "சில நேரம் காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லாயிருக்கும்னு தோணும்"னு எழுதியிருக்கீங்க. இத வாசிச்சுட்டு நான் டோபமைன் பாடம் எடுத்தா அது டாக்டர் வேலை இல்ல. இந்த எண்ணம் எப்பவாவது வந்து போறதுக்கும், எப்படி எங்கன்னு திட்டம் போடுற அளவுக்கு வர்றதுக்கும் வித்தியாசம் உண்டு. ரெண்டாவது மாதிரி ஒரு நாள் வந்தா அன்னைக்கு காத்திருக்க கூடாது, வீட்டுல ஒரு ஆளுகிட்ட வாய் திறந்து சொல்லுங்க, எந்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சி பக்கமோ அங்க போங்க, நடுராத்திரின்னா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச மனநல லைன், இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்ல பேசலாம்.

இன்னொண்ணு அந்த அல்பிரசோலம், பதட்டத்துக்கு குடுக்கிற மயக்க மாத்திரை. மெடிக்கல்ல வேலை பாக்குற சித்தப்பா மகன் பாதி பாதியா குடுக்கிறான்னு சாதாரணமா எழுதிட்டு, அடுத்த வரியில "கொஞ்சம் குடிச்சா தூக்கம் வருது"ன்னும் எழுதியிருக்கீங்க. இது ரெண்டும் ஒரே ராத்திரியில உள்ள போச்சுன்னா மூச்சு விடுற வேகமே குறையலாம், எமர்ஜென்சியில நான் பாத்திருக்கேன். சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து அது, பழக்கமும் ஆயிடும். அதுக்காக ரெண்டு மாசமா தினமும் போட்டுட்டு இருந்தீங்கன்னா நாளைக்கே பட்டுன்னு நிறுத்தவும் செய்யாதீங்க, ஃபிட்ஸ் வரைக்கும் போகலாம், எப்படி குறைக்கணும்னு நேர்ல ஒரு டாக்டர் சொல்லித்தரணும். சித்தப்பா மகன்கிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க.

டோபமைன் கூடிப்போச்சு, செரடோனின் குறைஞ்சுபோச்சு

நீங்க நெட்ல வாசிச்சது முழுசா பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. அது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். 1999ல இத்தாலியில பீசா பல்கலைக்கழகத்துல டொனாட்டெல்லா மராஸ்ஸிட்டிங்கிற மனநல டாக்டரும் கூட இருந்தவங்களும் 60 பேர எடுத்தாங்க. 20 பேரு புதுசா காதல்ல விழுந்து ஆறு மாசத்துக்குள்ள இருக்கிறவங்க, தினமும் குறைஞ்சது நாலு மணி நேரம் ஆளு நினைப்பாவே இருக்கிறவங்க. 20 பேரு ஓசிடி (பிடிக்காத நினைப்பு திரும்பத்திரும்ப வந்து, செஞ்சதையே திரும்பத்திரும்ப செய்ய வெக்கிற நோய்) இருந்து மருந்து எடுக்காதவங்க. மீதி 20 பேரு ரெண்டும் இல்லாத சாதா ஆளுங்க. ரத்தத்துல இருக்கிற தட்டணுக்கள்ல செரடோனின உள்ள இழுக்குற ஒரு புரதம் உண்டு, அந்த அளவு காதலர்களுக்கும் ஓசிடிக்காரங்களுக்கும் ஏறக்குறைய ஒண்ணு போலவே குறைஞ்சிருந்துச்சு. அதுல சில பேர 12ல இருந்து 18 மாசம் கழிச்சு திரும்ப பாத்தப்ப அளவு பழைய நிலைக்கு வந்திருந்துச்சு. உங்க "பதினெட்டு மாசம்" இங்க இருந்து கிளம்பி நெட்ல ஊர் ஊரா சுத்தி உங்ககிட்ட வந்து சேந்திருக்கு.

இதுல மூணு சங்கதி கவனிக்கணும். அவங்க அளந்தது ரத்தத்துல, மூளைக்குள்ள இல்ல. ரெண்டாவது, 2012ல வேற ஒரு குழு ரத்தத்துல செரடோனின் அளவ பாத்தப்ப காதல்ல இருந்த ஆம்பிளைங்களுக்கு குறைஞ்சும் பொம்பளைங்களுக்கு கூடியும் இருந்துச்சு, அப்ப "காதல் வந்தா செரடோனின் குறையும்"னு ஒரே வரியில எழுதி வெக்க முடியுமா? மூணாவது தான் உங்களுக்கு முக்கியம். பீசாவுல இருந்தவங்க சந்தோஷமா சேந்து இருந்தவங்க, அவங்க படபடப்பு பழகப்பழக அடங்குச்சு. நீங்க பிரிஞ்சவரு, அதுவும் தினமும் இருநூறு தடவ போன பாத்து புண்ண கிளறிக்கிட்டே இருக்கிறவரு. உங்களுக்கு அந்த கெடு பொருந்தாது. பல்ல கடிச்சுக்கிட்டு பதினோரு மாசம் இருந்தா பல்லு தான் தேயும்.

ரத்த டெஸ்ட் விஷயம் ஒரே வரியில: மூளையில இருக்கிற டோபமைன் அளவ ரத்தத்துல பாத்து சொல்ல முடியாது, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, அத ரத்தத்துல இருக்கிற டோபமைன் தாண்டாது. "ஹேப்பி ஹார்மோன் பேக்கேஜ்"னு எவனாவது ஆயிரக்கணக்குல கேட்டா காச குடுக்காதீங்க. டோபமைன் வேலைய தடுக்குற மாத்திரைங்க உண்டு, அது வேற கடுமையான நோய்களுக்கு குடுக்கிறது. காதலுக்குன்னு அத போட்டா அவ நினைப்பு மட்டும் தனியா கழண்டு போகாது, கை கால் இறுகி மந்தமாயி, காலையில மரத்துக்கு போக உடம்பு ஒத்துழைக்காது, அவ நினைப்பும் கூடவே இருக்கும்.

அப்ப டோபமைனுக்கு இதுல பங்கே இல்லையான்னா, பெரிய பங்கு உண்டு, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. 2005ல அமெரிக்காவுல ஹெலன் ஃபிஷர், ஆர்தர் ஏரன், லூசி பிரவுன் குழு, தீவிரமா காதலிச்ச 17 பேர ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வெச்சு அவங்க ஆளு போட்டோவ காட்டினாங்க. நடுமூளையில டோபமைன் உற்பத்தி ஆகுற ஒரு குட்டி இடம் வேலை செஞ்சுது. அது சந்தோஷம் துக்கம்னு உணர்ச்சி பொங்குற இடம் இல்ல தம்பி, தாகம் எடுத்தா தண்ணிய தேடி போ போன்னு தள்ளிவிடுற ஏற்பாட்டோட பகுதி. அதனால தான் உங்களுக்கு இது "ஃபீலிங்" மாதிரி இல்லாம பசி மாதிரி இருக்கு. 2010ல அதே குழு, காதல்ல கழட்டி விடப்பட்டு இன்னும் மறக்க முடியாத 15 பேர பாத்தாங்க. அந்த இடம் அணையல! ஆளு போயாச்சு, ஆனா தேடுற மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு, கூடவே கோக்கைன் ஏங்குறவங்களுக்கு வேலை செய்யிற பகுதிங்களும் சேந்து வேலை செஞ்சுது. அந்த 15 பேரும் முழிச்சிருக்கிற நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல அதே நினைப்பா இருக்கோம்னு தான் சொன்னாங்க. அதனால உங்கள ஏதோ உலகத்துல இல்லாத வியாதி பிடிச்ச மாதிரி எண்ண வேண்டாம். அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் இருந்துச்சு, பிரிஞ்சு நாள் கூடக்கூட பந்தத்தோட சம்பந்தப்பட்ட ஒரு பகுதியோட வேலை குறைஞ்சிருந்துச்சு. மூளைக்கு ஆற தெரியும், ஆற விடணும்.

அந்த லாஸ்ட் சீன் தான் தீனி

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு மூளை விஞ்ஞானி குரங்குகள வெச்சு பல வருஷம் பண்ணின வேலை இது. குரங்குக்கு ஒரு சிக்னல் காட்டிட்டு சொட்டு ஜூஸ் குடுப்பாங்க. பழகினதுக்கு அப்புறம் டோபமைன் செல்லுங்க ஜூஸ் வர்றப்ப துள்ளுறது இல்ல, சிக்னலுக்கே துள்ளும். சிக்னல் வந்து ஜூஸ் வரலன்னா இருந்ததுக்கும் கீழ போயிடும். 2003ல அவங்க குழு இன்னொண்ணு பாத்தாங்க, ஜூஸ் வருமா வராதான்னு பாதிக்கு பாதி சந்தேகம் இருக்கிறப்ப தான் சிக்னலுக்கும் ஜூஸுக்கும் நடுவுல காத்திருக்கிற நேரத்துல அந்த செல்லுங்க மெல்ல மெல்ல ஏறி உச்சத்துக்கு போகுது. கட்டாயம் வரும்னாலும் அந்த ஏத்தம் இல்ல, வரவே வராதுன்னாலும் இல்ல.

இனி உங்க கதைய பாருங்க. ஏழு மாசத்துல ரெண்டே ரெண்டு மெசேஜ். அந்த பொண்ணு தினமும் பேசியிருந்தா உங்களுக்கு இவ்வளவு வெறி இருக்காது, ஒரேயடியா கல்லு மாதிரி இருந்திருந்தாலும் இதுக்குள்ள அடங்கியிருக்கும். பிறந்தநாள் வாழ்த்தும் அப்பாவ பத்தின விசாரிப்பும் உங்க மூளைக்கு பாதிக்கு பாதி ஆயிடுச்சு. இது அந்த பொண்ணோட தப்புன்னு தயவு செஞ்சு எடுத்துக்காதீங்க, ஒரு மனுஷி பழகின ஒருத்தரோட அப்பாவுக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டு விசாரிச்சா அது நல்ல மனசு, அழைப்பு கிடையாது. 1970கள்ல டோரத்தி டென்னோவ்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியை உங்கள மாதிரி நிலைமைக்கு லிமரன்ஸ்னு ஒரு பேரு வெச்சாங்க, அவங்க நூத்துக்கணக்கான ஆளுங்க சொன்னத கேட்டு கண்டதும் இதே தான், நம்பிக்கையும் சந்தேகமும் கலந்து கிடைச்சா தான் அது கொழுந்து விட்டு எரியுது.

நாங்க காலேஜ் படிச்ச காலத்துல போஸ்ட்மேன் ஒரு நாளைக்கு ஒரு தடவ தான் வருவாரு. பதினொன்றரைக்கு அவரு சைக்கிள் திருப்பத்துல தெரியிற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கும், லெட்டர் இல்லன்னா அன்னைக்கு கணக்கு முடிஞ்சுது, இனி நாளைக்கு தான், வேற வேலைய பாப்போம். (யாரு லெட்டருன்னு கேக்காதீங்க, வீட்டுக்காரரும் இத வாசிப்பாரு.) உங்க பாக்கெட்டுல போஸ்ட்மேன் இருநூறு தடவ வர்றான். அது தான் வித்தியாசம், உங்க காதல் எங்க காதல விட பெருசுன்னு இல்ல.

நீங்க ரப்பர் பால் வெட்டுறவரு, உங்களுக்கு நான் சொல்லணுமா. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பட்டைய மெல்லிசா சீவி, உள்மரத்துல கத்தி படாம வெட்டினா பட்டை திரும்ப வளரும். ஒரே இடத்துல நேரம் காலம் இல்லாம கத்திய வெச்சா என்ன ஆகும்? காயத்துல முண்டு விழும், கடைசியில பாலும் நிக்கும். ஒவ்வொரு தடவ லாஸ்ட் சீன் பாக்குறதும் ஒரு வெட்டு.

"நான் ஆழமா நினைக்கிறப்ப எல்லாம் அவ ஆன்லைன் வர்றா, அங்கயும் இதே தவிப்பு இருக்குன்னு தானே அர்த்தம்"னு ஒரு கேள்வி. நீங்க எந்நேரமும் அவள தான் நினைக்கிறீங்க, அவங்க எப்ப ஆன்லைன் வந்தாலும் அது நீங்க நினைக்கிற நேரமா தான் இருக்கும். நினைச்சும் வராத நூத்தித்தொண்ணூறு தடவைய மூளை எழுதி வெக்கல.

"நினைக்க கூடாதுன்னு நினைச்சா இன்னும் கூடுது"

கூடத்தான் செய்யும். 1987ல டேனியல் வெக்னர்னு ஒரு உளவியல் பேராசிரியர் காலேஜ் பிள்ளைங்கள உக்கார வெச்சு, அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடிய நினைக்காதீங்க, நினைப்பு வந்தா மணிய அடிங்கன்னு சொன்னாரு. மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அது மட்டும் இல்ல, அதுக்கு அப்புறம் "இனி நினைச்சுக்கலாம்"னு விட்டப்ப, முதல்லயே நினைக்க சொன்ன ஆளுங்கள விட இவங்களுக்கு கரடி கூடுதலா வந்துச்சு. அதனால மணிக்கட்டுல ரப்பர் பேண்ட் போட்டு நினைப்பு வர்றப்ப எல்லாம் சுண்டி விடுறத நிறுத்துங்க, ரப்பர் கடையில வேலைங்கிறதுக்காக அத கையிலயும் போடணுமா.

பக்கத்து ஊர் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டினா என்ன பண்ணுவீங்க? போய் சண்டை போட்டா நிறுத்த மாட்டான், காத பொத்துனாலும் கேக்கும். பாட்டு அது பாட்டுக்கு ஓடும், நீங்க உங்க கணக்க கூட்டிக்கிட்டு இருப்பீங்க, நடுவுல ஒரு தடவ கவனம் அங்க போகும், திரும்ப நோட்டுக்கு வருவீங்க, எப்ப நின்னுச்சுன்னு கூட தெரியாது. நினைப்ப அந்த மாதிரி ஓட விடணும். நினைப்பு வர்றது உங்க கையில இல்ல, அதுக்கு பின்னால போன எடுக்கிறது தான் உங்க கையில இருக்கு.

ஏர்போர்ட், ஃபேக் ஐடி, "காரணம் மட்டும் தெரிஞ்சா போதும்"

இங்க கொஞ்சம் கடுமையா சொல்லுவேன், அக்கா சொல்ற மாதிரி எடுத்துக்கங்க.

காரணம் ஏற்கெனவே சொல்லியாச்சு. வீட்டுல சம்மதிக்க மாட்டாங்க, எனக்கும் வேண்டாம். இதுல எந்த வார்த்தை புரியல? "எனக்கும்"ங்கிற வார்த்தைய நீங்க லெட்டர்ல எழுதியிருக்கீங்க, ஆனா அதுக்கு அப்புறம் நாலு பக்கத்துல ஒரு இடத்துல கூட அத பத்தி பேசல, வீட்டுக்காரங்க மிரட்டியிருப்பாங்கன்னே போகுது. ஒரு வேளை மிரட்டியே இருந்தாலும், முடிவ எழுதி குடுத்தவங்களுக்கு உங்ககிட்ட விளக்கம் சொல்ற கடன் கிடையாது. நேர்ல ஒரு காரணம் சொன்னாலும் உங்க மனசு அடங்காதுன்னு நான் பந்தயம் கட்டுறேன், "அப்ப ஏன் பிறந்தநாளுக்கு மெசேஜ் அனுப்பின"ன்னு அடுத்த கேள்வி ரெடியா நிக்கும்.

நம்ம பழைய தமிழ் மரபுல மடலேறுறதுன்னு ஒண்ணு உண்டு. பொண்ணு கிடைக்காதவன் பனை மடல்ல குதிரை செஞ்சு ஏறி, எருக்கம்பூ மாலை போட்டு, கையில அவ படத்தோட தெருவுக்கு வருவான், ஊரே பாத்து பொண்ண குடுக்க வெக்கணும். பாட்டுங்கள்ல பெரும்பாலும் "ஏறிடுவேன் பாத்துக்க"ன்னு சொல்றதோட சரி. ஏர்போர்ட் வாசல்ல பூவோட நிக்கிறது அதோட இன்னைக்கு மாடல் தான். உங்களுக்கு அது தவிப்பு. ரொம்ப நாள் கழிச்சு பெட்டி தள்ளிக்கிட்டு அப்பா அம்மாவ தேடி வெளிய வர்ற பொண்ணுக்கு அது பயம். நீங்க நல்லவருன்னு உங்களுக்கு தெரியும், அந்த நிமிஷத்துல அவங்களுக்கு எப்படி தெரியும்?

சட்டமும் தெரிஞ்சுக்கங்க, நான் வக்கீல் இல்ல, ஆனா இது தெளிவாவே எழுதியிருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவுல 78வது பிரிவு, பின்தொடர்றத பத்தி. பொண்ணு விருப்பம் இல்லன்னு தெளிவா காட்டின பிறகும் ஆம்பிளை திரும்பத்திரும்ப தொடர்பு கொள்றதோ பின்னால போறதோ குற்றம், அவங்க இன்டர்நெட்டுல என்ன பண்றாங்கன்னு கண்காணிக்கிறதும் அதுல வருது. ஜெயில் தண்டனை வரைக்கும் போகலாம். "மெசேஜ் பண்ணாதீங்க"ன்னு எழுத்துல இருக்கு, ஃபேக் ஐடி உங்க நம்பர்ல இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல போய் டோபமைன்னு சொன்னா கேட்டுக்க மாட்டாங்க. அந்த ஐடிய இன்னைக்கே, இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள அழிச்சாலும் எனக்கு சம்மதம்.

நீங்க ஒரே வரியில தாண்டிப் போன விஷயம்

லெட்டர்லயே என்னை பிடிச்சு நிறுத்துன வரி காதல பத்தினது இல்ல. "பிளஸ் டூ படிக்கிறப்ப கதவு பூட்ட ஏழு தடவ இழுத்து பாக்குற பழக்கம் இருந்துச்சு, பரிட்சையில எழுதினத திரும்ப திரும்ப வாசிச்சு நேரம் போயிடும், அப்புறம் தானா சரியாச்சு"ன்னு போற போக்குல எழுதிட்டு போயிட்டீங்க. தானா சரியாச்சா, இல்ல பூட்டுல இருந்து போனுக்கு இடம் மாறிச்சா?

லெட்டர வெச்சு நோய் பேரு சொல்றது தப்பு, நான் சொல்ல மாட்டேன். காதல்ல வர்ற நினைப்புக்கும் ஓசிடி நினைப்புக்கும் பொதுவா ஒரு வித்தியாசம் உண்டு, காதல் நினைப்ப ஆளு விரும்பி கூப்பிட்டு வெச்சு கொஞ்சுவாங்க, ஓசிடி நினைப்ப பிடிக்காம தள்ளுவாங்க, அது போகாம நிக்கும். நீங்க "பாதி தேன் பாதி விஷம்"னு எழுதியிருக்கீங்க. ஆனா பாக்குற பழக்கம் இருக்கே, அது பூட்டும் லாஸ்ட் சீனும் ஒரே அச்சு. உள்ள ஒரு பதட்டம் ஏறும், பாத்தா ஒரு நிமிஷம் இறங்கும், அந்த ஒரு நிமிஷ நிம்மதிக்காக அடுத்த தடவ பதட்டம் சீக்கிரம் ஏறும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல இதுல போகுது, வேலை கெடுது, தூக்கம் கெடுதுன்னா நேர்ல காட்டி ஆகணும். அது ஓசிடியா, மன அழுத்த நோயா, வெறும் பிரிவு துக்கமான்னு ஒரு மணி நேரம் உக்காந்து பேசினா தான் தெரியும், மூணுக்கும் வைத்தியம் ஒண்ணு இல்ல.

ஓசிடின்னா நல்ல வைத்தியம் இருக்கு. பாக்கணும்னு துடிக்கிறப்ப பாக்காம அந்த பதட்டத்தோட உக்காந்து அது தானா இறங்குறத பழகுற பயிற்சி ஒண்ணு, தேவைப்பட்டா செரடோனின் மேல வேலை செய்யிற மருந்து. மருந்து முழு பலன் காட்ட எட்டு பன்னிரண்டு வாரம் கூட ஆகும், அல்பிரசோலம் மாதிரி அன்னைக்கே மயக்காது. சில பேருக்கு உடலுறவு ஆசை குறையிற பக்க விளைவு உண்டு, அத டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லணும். காதல அழிக்கிற மாத்திரை அது இல்ல, "இத போட்டா அவ மேல இருந்ததெல்லாம் பொய்யா போயிடுமோ"ன்னு பயப்படாதீங்க. ஒண்ணேகால் வருஷம் நடந்தது நடந்தது தான், அத எந்த மருந்தும் மாத்தாது.

எங்க போறதுன்னா நாகர்கோவில் பக்கம் ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ்ல மனநல ஓபி இருக்கு, காசு கிடையாது. ஊருக்கு தெரிஞ்சா கல்யாணம் நடக்காதுன்னு எழுதியிருக்கீங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டப்படி உங்க வைத்திய விவரத்த ரகசியமா வெக்கிறது உங்க உரிமை, உங்க உயிருக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்து மாதிரி சில விதிவிலக்கு தவிர முதலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்ல முடியாது. ஓபி வரிசையில தெரிஞ்ச முகம் இருந்தா என்ன பண்றதுன்னா, அவங்களும் அதே வரிசையில தானே நிக்கிறாங்க.

அதுவரைக்கும்

வாட்ஸ்அப்ல உங்க லாஸ்ட் சீன் யாருக்கும் தெரியாத மாதிரி மாத்துங்க, ஆன்லைன்ங்கிறதையும் அதே மாதிரி வைங்க. உங்களது மறைச்சா மத்தவங்களது உங்களுக்கும் தெரியாது, அது அந்த ஆப்போட விதி. திரும்ப மாத்த முடியும் தான், ஆனா நாலு பட்டன் அழுத்துறதுக்குள்ள ரெண்டு தடவையில ஒரு தடவ "என்னத்த பண்றோம்"னு தோணும், நமக்கு அது போதும். சேட்ட அழிக்க மனசு வரலன்னா ஆர்க்கைவ்ல போடுங்க, போட்டோவெல்லாம் ஒரு பென்டிரைவ்ல போட்டு அக்கா வீட்டுல குடுங்க. பாக்கணும்னு வர்றப்ப பதினஞ்சு நிமிஷம் தள்ளுங்க, அடுத்த வாரம் அரை மணி நேரம். முதல் ரெண்டு வாரம் இப்ப இருக்கிறத விட மோசமா இருக்கும், நிறுத்தினதால கூடிப்போச்சுன்னு விட்டுடாதீங்க, தீனி கிடைக்காத மாடு முதல்ல கத்தத்தான் செய்யும்.

மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில அந்த ஜூஸ் கடைய தாண்டுறப்ப நெஞ்சு அடிக்குதுன்னீங்க, குடிய விட்டவனுக்கு கடை போர்ட பாத்தா நாக்கு ஊறுற மாதிரி தான் அதுவும். ரெண்டு மூணு மாசம் இறங்காம போங்க, அப்புறம் ஒரு நாள் கூட்டுக்காரன் ஒருத்தன கூட்டிட்டு போய் அதே கடையில ஒரு சாயா குடிச்சு புது கணக்கு எழுதுங்க. மூணு மணிக்கு முழிப்பு வந்தா போன் பக்கத்துல இருக்க கூடாது, அடுத்த ரூம்ல சார்ஜ் போடுங்க, எப்படியும் நீங்க அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவரு தானே. கிறிஸ்மஸ் சமயத்துல அவங்க ஊர்ல இருப்பாங்கன்னு தெரிஞ்சா கை சும்மா இருக்காது, அதனால அந்த ரெண்டு வாரத்துக்கு இப்பவே ஏதாவது ஏற்பாடு பண்ணுங்க. சென்னையில இருக்கிற மாமா வீட்டுக்கு போகலாம், இல்ல கடையில வருஷ முடிவு ஸ்டாக் எடுக்கிற பொறுப்ப கேட்டு வாங்கிக்கங்க.

ஓபிக்கு போறப்ப இந்த லெட்டரையே கொண்டு போங்க மக்ளே, திரும்ப முதல்ல இருந்து சொல்ல வேண்டியதில்ல, அந்த பூட்டு வரிக்கு கீழ மட்டும் பேனாவால ஒரு கோடு போட்டுக்கங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க, அதுல அவங்கள பத்தி ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம், மீதி பக்கத்துல உங்க அப்பாவுக்கு ஆபரேஷன் கழிஞ்சு இப்ப எப்படி இருக்குன்னு எழுதுங்க, நாலரை பக்கத்துல நீங்க அத சொல்லவே இல்ல.